பனியும் மானாவாரிதான்: வேலையை விடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

ஜனவரி பிறந்துட்டா உங்க போனில் என்ன ஓடும்னு எனக்குத் தெரியும். முழங்கால் ஆழத்துக்குப் பனி, காலில் சறுக்குப் பலகை, தோளில் கேமரா, பின்னாடி ஒரு கிடார். குல்மார்க்கோ, ஔலியோ, மணாலியோ. ஆபீஸ் வேலையை விட்டுட்டு மலைக்கே போய் ஸ்கீயிங் பண்ணிக்கிட்டு, போட்டோ எடுத்துக்கிட்டு வாழுறவங்களோட ரீல்ஸ். அதைப் பார்த்துட்டு, நாமும் போகலாமான்னு என்கிட்ட கேட்கிற ஆட்கள் வருஷா வருஷம் கூடிக்கிட்டே இருக்காங்க.

செஞ்சியில் ஆபீஸ் வச்சிருக்கிற ஆடிட்டருக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க நினைக்கலாம். நம்ம ராஜகிரி வெறும் பாறை, சித்திரையில் கை வச்சா கொப்பளிக்கும். ஆனா நான் எழுதப் போறது பனியை நம்பிச் சம்பாதிக்கிறதைப் பத்தி. அதுக்குச் செஞ்சி நல்ல இடம். இங்க சுத்துப்பட்டு கிராமத்துல யாரைக் கேட்டாலும் மானாவாரின்னா என்னன்னு சொல்லுவாங்க. ஆடிப் பட்டத்துல கடலை போடணும், மழை வந்தா விளைச்சல், வரலைன்னா அடுத்த ஆடி வரைக்கும் காத்திருக்கணும். கிணறு இருக்கிறவன் கணக்கு வேற, வானம் பார்த்த பூமிக்காரன் கணக்கு வேற.

பனிச்சறுக்கு வாழ்க்கை முழுக்க முழுக்க வானம் பார்த்த பூமி. அந்த வாழ்க்கைக்குப் போகக் கூடாதுன்னு நான் சொல்லலை. மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் வாங்கிப் பழகின மூளையோட போகக் கூடாதுன்னு சொல்றேன்.

காஷ்மீர்ல டிசம்பர் 21-ல் இருந்து ஜனவரி 30 வரைக்கும் நாற்பது நாளைச் 'சில்லை கலான்'னு சொல்லுவாங்க. குளிர் உச்சத்துல இருக்கிற காலம், மொத்த சீசனும் அதை நம்பித்தான். 2024-ல் அந்த நாற்பது நாளும் கிட்டத்தட்ட வறண்டே போச்சு. ஜனவரியில் குல்மார்க் புல்வெளி பழுப்பு நிறத்துல கிடந்த படங்கள் நாடு முழுக்கப் பத்திரிகையில வந்தது. மாசக் கடைசியிலதான் பனி கொட்ட ஆரம்பிச்சது. வந்த பனியும் சும்மா வரலை. பிப்ரவரி 22-ம் தேதி நடந்த பனிச்சரிவுல ரஷ்யாவிலிருந்து சறுக்க வந்த ஒருத்தர் உயிர் போச்சு. அடுத்த வருஷம், 2025-ல், பனி போதலைன்னு குல்மார்க்கில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளை மார்ச்சுக்குத் தள்ளி வச்சாங்க. உத்தரகண்ட் ஔலியில் 2023-லும் பனி இல்லாமல் தேசியப் போட்டி ரத்தாச்சு. அரசாங்கம் போட்டியைத் தள்ளி வைக்கும், ரத்தும் பண்ணும். உங்க வீட்டு வாடகையைத் தள்ளி வைக்க முடியுமா?

போன வருஷம் செஞ்சி பக்கத்துக் கிராமத்துத் தம்பி ஒருத்தன் என்னைப் பார்க்க வந்தான். சென்னையில் ஐடி வேலை, கையில் வர்றது 50,000. மாசம் 15,000 சேமிக்கிறான், நல்ல பழக்கம். ரெண்டு தடவை மணாலிக்குப் போய் சறுக்கக் கத்துக்கிட்டான், போட்டோவும் நல்லாவே எடுக்கிறான். பிஎஃப் பணத்தை எடுத்து, மிச்சத்துக்கு இஎம்ஐ போட்டு, கேமராவும் ஸ்கீ சாமானும் வாங்கிட்டு ரெண்டு வருஷம் மலையில இருந்து பார்க்கலாம்னு திட்டம். அவங்க அப்பாவும் கூட வந்திருந்தார். மழை பெய்யலைன்னா என்ன பண்ணுவேன்னு மட்டும்தான் அவர் கேட்டார். மழைன்னுதான் சொன்னார், பனின்னு சொல்லலை. அன்னைக்கு என் ஆபீஸ்ல யாரும் கேட்ட கேள்வியில அதுதான் நல்ல கேள்வி.

சரி, கணக்குக்கு வருவோம். இது ஒரு மாதிரிக் கணக்குதான், உங்க எண்ணை நீங்க போட்டுக்கோங்க.

சாப்பாடு, தங்குறது, போன், வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் சேர்த்து மாசம் 25,000-னு வச்சுக்குவோம். வருஷத்துக்கு 3,00,000. கேமரா, ரெண்டு லென்ஸ், ஸ்கீ, பூட்ஸ், குளிருக்கான உடை, பனிச்சரிவுல புதைஞ்சா கண்டுபிடிக்க உதவுற கருவி எல்லாம் 4,50,000. அஞ்சு வருஷம் உழைக்கும்னா வருஷத்துக்கு 90,000. பயணம், பயிற்சி, காப்பீடு 60,000. மொத்தம் 4,50,000. இது நீங்க உயிரோட இருக்கிறதுக்கு மட்டும், சேமிப்பு பூஜ்யம்.

சீசன் ரொம்ப நல்லா போனா 90 நாள். அதுல பாதி நாள் மூடுபனி, காத்து, கேபிள் கார் ஓடாத நாள், வாடிக்கையாளர் இல்லாத நாள். காசு வர்ற நாள் 45-னு வைங்க. நாளுக்கு 10,000 வந்தாத்தான் கணக்கு நேராகும். இப்ப சேமிக்கிற அந்த 15,000-ஐயும் தொடரணும்னா நாளுக்கு 14,000. பனி பொய்க்கிற வருஷம் 25 நாள்தான் வேலைன்னா, சேமிப்பே இல்லாமல் நாளுக்கு 18,000. இதை எழுதிக் காட்டினதும் தம்பி கொஞ்ச நேரம் பேசலை.

அங்கேயே பிறந்து வளர்ந்தவங்க எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு கேட்டீங்கன்னா, அவங்களுக்குச் சொந்த வீடு இருக்கு. பனிக்காலத்துல சறுக்குப் பயிற்சி, வெயில் காலத்துல குதிரை, டாக்ஸி, ஆப்பிள் தோட்டம்னு ரெண்டு மூணு போகம் இருக்கு. நீங்க போட்டியிடப் போறது அவங்களோட. அதே மலையில வாடகை கொடுத்துக்கிட்டு, ஒரே போகத்தை நம்பிக்கிட்டு.

ஆரிஃப் கானை எடுத்துக்கோங்க. குல்மார்க்கில் அவரோட அப்பா ஸ்கீ சாமான் கடை வச்சிருந்தார். சின்னப் பிள்ளையிலிருந்தே பலகை மேல நின்னவர். அவருக்கே 2018 குளிர்கால ஒலிம்பிக்குக்கு முன்னாடி, பொதுமக்கள்கிட்ட நிதி திரட்டிப் பார்த்தும் தகுதிப் போட்டிகளுக்குப் பணம் போதலை, வாய்ப்பு போச்சு. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் அவர்தான். ஜயன்ட் ஸ்லாலம் பிரிவுல 45-வது இடம். நாட்டிலேயே முதல் ஆள் நிலைமை இது. நாம போய் அங்க 'கன்டென்ட் கிரியேட்டர்' ஆகுறோம்னா யாரோட பணத்துலன்னு முதல்லயே தெளிவா இருக்கணும்.

வெளிநாட்டு உதாரணம் வேணும்னா கேலன் ரோவெல். மலைப் புகைப்படக்காரங்க எல்லாரும் சொல்ற அமெரிக்கப் பேரு. அவர் வருஷக்கணக்கா கலிஃபோர்னியாவில் கார் ரிப்பேர் கடை நடத்தினார், கிடைச்ச நேரத்துல மலை ஏறினார், படம் எடுத்தார். 1972-ல்தான் கடையை வித்துட்டு முழுநேரம் இறங்கினார். அடுத்த வருஷமே நேஷனல் ஜியாகிரபிக் வேலை கிடைச்சது. எல்லாரும் அந்த 1972-ஐ மட்டும் பேசுறாங்க. எனக்கு அந்தக் கார் கடைதான் கண்ணுல படுது.

இப்ப இஎம்ஐ. இதுல எனக்கு வளைஞ்சு கொடுக்கிற மனசு கிடையாது. வருமானம் வருஷத்துக்கு மூணு மாசம் வருது, இஎம்ஐ பன்னிரண்டு மாசமும் போகுது. 4,50,000 ரூபாய் சாமானை 24 மாசத் தவணையில, வட்டியே இல்லாமல் வாங்கினாக்கூட மாசம் 18,750. ஜூலையில உங்க பலகை பரண்ல இருக்கும், தவணை வாசல்ல நிக்கும். மானாவாரிக்காரன் பயிர்க் கடனை அறுவடைக்கு அறுவடைதான் கட்டுவான், மாசா மாசம் கட்டச் சொன்னா சிரிப்பான்.

அவசர நிதி ஆறு மாசம் போதும்னு நம்ம சேனல்ல பல தடவை சொல்லியிருக்கேன். அது சம்பளக்காரங்களுக்கு. பனியை நம்புறவங்களுக்கு அது போதாது. கடைசி வருமானம் ஒரு மார்ச்சுல வந்தது, அடுத்த சீசன் பொய்ச்சுப் போச்சுன்னா, அதுக்கடுத்த ஜனவரியிலதான் காசைப் பார்ப்பீங்க. 22 மாசம். மாசம் 25,000-னா 5,50,000. இதுதான் உங்க விதைக்கடலை. இதைத் தொட்டு லென்ஸ் வாங்குறது, விதையை வறுத்துத் தின்கிற மாதிரி. பிஎஃப்-ஐயும் தொடாதீங்க. அஞ்சு வருஷம் தொடர்ச்சியா வேலை முடிக்காமல் எடுத்தா வரி வேற வரும்.

யாரும் ரீல்ஸ்ல பேசாத விஷயம் காப்பீடு. இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க.

உங்க ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து விலக்குகள் பகுதிக்குப் போங்க. ஐஆர்டிஏஐ எல்லா கம்பெனிக்கும் பொதுவா வகுத்துக் கொடுத்த விலக்குகள் இருக்கு. அதுல ஒன்பதாவது, அபாயகரமான அல்லது சாகச விளையாட்டு. பாறை ஏற்றம், மலையேற்றம், ஸ்கூபா டைவிங்னு ஒரு பட்டியல் இருக்கும். ஸ்கீயிங் பேரு அதுல இல்லையேன்னு சந்தோஷப்படாதீங்க, பட்டியல் இதோட முடியலைன்னும் அங்கேயே எழுதியிருக்கும். ஆனா அந்த வாக்கியத்துல ஒரு சொல் இருக்கு: 'தொழில்முறையாக'. தொழில்முறையாகப் பங்கேற்கிறதால வர்ற சிகிச்சைச் செலவுக்குத்தான் விலக்கு.

அதாவது, நீங்க பத்து நாள் லீவு போட்டு குல்மார்க் போய் சறுக்கி விழுந்து கால் முறிஞ்சா, இந்த விலக்கை உங்க மேல போடுறது கஷ்டம். நீங்க சுற்றுலா வந்த ஆபீஸ்காரர். அதே ஆள் வேலையை விட்டுட்டு, காசு வாங்கிக்கிட்டு ஆட்களைச் சறுக்கக் கூட்டிட்டுப் போற அன்னைக்கு, அதே காலு, அதே பனி, அதே பாலிசி, கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். ஆசையைத் தொழிலாக்குற அந்த ஒரு முடிவுக்கு இவ்வளவு விலை. தனிநபர் விபத்துப் பாலிசிகள் பலதுல பொழுதுபோக்கா சறுக்கினாலே விலக்கு இருக்கும், அதையும் தனியாப் படிக்கணும். வெளிநாட்டுக்குப் போறீங்கன்னா டிராவல் பாலிசியில குளிர்கால விளையாட்டுக்குத் தனியாச் சேர்க்கை வாங்கணும்.

கம்பெனி கொடுத்த குரூப் இன்சூரன்ஸ் நீங்க விலகினதும் போயிடும். விலகுறதுக்கு முன்னாடியே அதே இன்சூரன்ஸ் கம்பெனியில தனிப் பாலிசியா மாத்திக்கக் கேளுங்க, காத்திருப்புக் காலம் வீணாகாது. டேர்ம் இன்சூரன்ஸும் சம்பளச் சீட்டு கையில இருக்கும்போதே எடுத்துடுங்க. பிறகு வருமானத்தை நிரூபிக்கவே நாய்ப்படணும். விண்ணப்பத்துல சாகச விளையாட்டு உண்டான்னு கேட்டா, ஆமான்னு எழுதுங்க. பிரீமியம் கூடினாக் கூடட்டும்.

வரி விஷயம் சுருக்கமா. கேமராவுக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். ஆனா நிதியாண்டுல 180 நாளுக்குக் குறைவாப் பயன்படுத்தினா அந்த வருஷம் பாதிதான், ஏழரை சதவீதம். சீசனுக்குன்னு நவம்பர்ல வாங்குறவங்க எல்லாரும் இதுல மாட்டுவாங்க. பிராண்டு வேலை செஞ்சு ஒரு லட்சத்துக்கு பில் போட்டா, தொழில்முறைக் கட்டணம்னு 10 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சு 90,000 தருவாங்க. உங்க வருமானத்துக்கு வரியே இல்லைன்னாலும் அந்த 10,000 ரிட்டர்ன் போட்டு, ரீஃபண்ட் வந்த பிறகுதான். அதுவரைக்கும் ஆஃப் சீசன்ல அது உங்க கையில இல்லை. வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினா ஜிஎஸ்டி பதிவு. அந்தப் பிரச்சனை உங்களுக்கு வரணும்னு நான் வேண்டிக்கிறேன்.

நான் என்ன சொல்றேன்னா, வேலையிலேயே இருந்துக்கிட்டு மூணு பிப்ரவரி போங்க. வருஷம் பத்து நாள் லீவு. குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் இருக்கு, அங்க முறையா ஒரு கோர்ஸ் பண்ணுங்க. சாமானை வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க. அந்த மூணு வருஷமும் மாசச் சேமிப்புல ஒரு பகுதியை விதைக்கடலைக் கணக்குல போடுங்க. மூணு சீசன் பார்த்தா அதுல ஒண்ணாவது பொய்க்கிற வாய்ப்பு இருக்கு. அதைச் சம்பளம் வாங்கிக்கிட்டே பார்க்கிறது நல்லது.

போட்டோ பக்கத்தைச் சோதிக்கப் பனியே வேண்டாம். நம்ம கோட்டை 2025 ஜூலையில யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்திருக்கு, மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்னு சேர்த்த 12 கோட்டையில மகாராஷ்டிராவுக்கு வெளியே இருக்கிறது இது ஒண்ணுதான். அதுக்கப்புறம் செஞ்சியோட நல்ல படங்களுக்குத் தேவை இருக்கு. மார்கழிக் காலையில ராஜகிரி மேல ஏறினா, கீழே பனிமூட்டத்துல கல்யாண மகால் மிதக்கிற மாதிரி ஒரு படம் கிடைக்கும். எடுங்க, விலைக்குக் கொடுத்துப் பாருங்க. தொல்லியல் துறைப் பாதுகாப்புல இருக்கிற இடம், டிரோனுக்கும் வணிகப் படப்பிடிப்புக்கும் அனுமதி வாங்கணும், அதையும் கத்துக்கோங்க. வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டு, பஸ்ல போய் எடுக்கிற படத்துக்கே ஒரு வருஷத்துல நாலு பேர் காசு கொடுக்கலைன்னா, 13,000 அடி உயரத்துல நின்னு எடுத்தா கொடுப்பாங்கன்னு நம்ப எனக்குக் காரணம் தெரியலை.

கொடுத்தாங்கன்னா, அந்த நாலு பில்லையும் எடுத்துக்கிட்டு வாங்க. 22 மாசப் பணமும் தனிப் பாலிசியும் கையில இருந்தா, ராஜினாமா கடிதத்தை எந்த மாசம் கொடுக்கிறது லாபம்னு சேர்ந்து பார்ப்போம். என் கணிப்பு ஏப்ரல். அந்த வருஷ போனஸ் கைக்கு வந்திருக்கும், அடுத்த பனிக்கு எட்டு மாசம் இருக்கும், வாங்குற கேமராவுக்கு முழுத் தேய்மானமும் கிடைக்கும்.