பெட்டி ஏற்ற முன்னம்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

ஸ்காபரோவிலுள்ள எங்கள் ஊர்ச் சங்கம் வாசிகசாலைக்குப் புத்தகம் அனுப்பப்போகிற செய்தி உங்களுக்கு வந்திருக்கும். எட்டுப் பெட்டிகள் சேர்ந்துவிட்டன. போன சனிக்கிழமை அவற்றைக் கட்டப் போன நான், கட்டுவதை விட்டுவிட்டுத் திறந்து பார்த்தேன். இருபது வருடத்துக்கு முந்திய கணினிப் பாடநூல்கள், ஒன்ராறியோ மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்கள், அட்டை கிழிந்த ஆங்கிலத் துப்பறியும் நாவல்கள். எங்கள் வீடுகளில் இடமில்லாமற் போனவை. "அங்கை என்ன வாசிக்கினம் எண்டு ஆராவது கேட்டனீங்களோ?" என்றேன். ஒருவரும் கேட்டிருக்கவில்லை. நானும் கேட்டதில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகச் சுகம் விசாரிக்கிறேன். மழை, வெங்காய விலை, கொடியேற்றம் எல்லாம் கேட்டிருக்கிறேன். கையில் என்ன புத்தகம் இருக்கிறது என்று உங்களில் ஒருவரையும் கேட்டதில்லை.

பெட்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறோம். உங்கள் மறுமொழி வந்த பிறகுதான் எதுவும் கப்பல் ஏறும். கேட்கிறவள் முதலில் தன் பக்கத்தைச் சொல்வதுதான் முறை.

நான் இப்போது வாசிப்பது தேவகாந்தனின் 'கனவுச்சிறை'. 1981 முதல் 2001 வரையான இருபது வருடங்களின் கதை. நயினாதீவில் தொடங்கி, எங்கள் சனம் சிதறிப்போன தேசங்களுக்கெல்லாம் போகிறது. நான் 1989இல் வெளிக்கிட்டவள். அதற்குப் பிறகு உங்களுக்கு நடந்தவை எனக்குத் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தன. கிழமைக்கணக்கில் பிந்தி வந்த கடிதங்கள், கொழும்புக்கு வந்து போனவர்கள் சொன்ன அரைகுறைக் கதைகள். நான் இல்லாத அந்த வருடங்களை அறியத்தான் வாசிக்கிறேன். ஒரு இரவில் பத்துப் பக்கத்துக்கு மேல் என்னால் போக முடிவதில்லை.

மகள் இங்கே பிறந்தவள். தமிழ் கதைப்பாள், வாசிப்பது ஆங்கிலத்தில். வி. வி. கணேசானந்தன் எழுதிய 'பிரதர்லெஸ் நைட்' நாவலுக்கு நூலகத்தில் பதிந்து, காத்திருந்து எடுத்துவந்தாள். 2023இல் வெளியாகி, அடுத்த வருடம் பிரித்தானியாவில் பெண்களின் புனைகதைக்கான பரிசு பெற்ற நூல். எண்பதுகளின் யாழ்ப்பாணத்தில் டொக்டராக ஆசைப்பட்ட, நாலு சகோதரர்களோடு வளர்ந்த சசி என்ற பெண் சொல்லும் கதை. மூன்றாம் நாள் குசினிக்குள் வந்து நின்று கேட்டாள்: "அம்மா, நீங்களும் பங்கருக்குள்ள இருந்தனீங்களா? அதுக்குள்ள பாம்பு வராதா?" அவளுக்கு முப்பது வயது. அதுவரை அவள் கேட்டதில்லை, நான் சொன்னதுமில்லை. இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பக்கம் வாசித்து, தட்டுத்தடுமாறித் தமிழில் சொல்வாள். நான் இடையில் மறித்து, வேலி எப்படி இருந்தது, ஷெல் வருகிற சத்தம் எப்படிக் கேட்டது என்று சொல்வேன். மூன்று கிழமைத் தவணை முடிந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு கடையில் வாங்கிவந்துவிட்டாள். பாதிதான் முடிந்திருக்கிறது. என் கதையைத்தான் அவள் அந்தப் புத்தகத்தின் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

எங்கள் மாடிக்கட்டடத்தில் எண்பத்துநாலு வயது ஐயா ஒருவர் இருக்கிறார். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் முடித்தால் மறுநாள் முதலாம் பாகத்தை எடுப்பார். 1950களில் 'கல்கி'யில் தொடராக வந்தபோது, தகப்பன் கிழித்துக் கட்டிவைத்த தாள்களில் வாசித்தவர். ஏன் ஐயா திரும்பத் திரும்ப என்றால், "முடிவு தெரிஞ்ச கதை பிள்ளை, நெஞ்சு பதறாது" என்கிறார். செய்தி பார்ப்பதை அவர் போர் முடிந்த 2009இல் விட்டுவிட்டார்.

2010இல் 492 பேரோடு கனடாவுக்கு வந்த 'சன் சீ' அகதிக் கப்பலில் இருந்த தம்பி ஒருவர் களஞ்சியசாலையில் இரவு வேலை செய்கிறார். தேத்தண்ணி இடைவேளையில் ஷோபாசக்தியின் 'கொரில்லா' வாசித்து முடித்தார். அது ஒரு அகதி விண்ணப்பத்தோடு தொடங்குகிற நாவல். "என்ர விசாரணையில எனக்குச் சொல்லத் தெரியாமல் நிண்டதை இந்த ஆள் எழுதியிருக்கிறார் அக்கா" என்றார். பள்ளிக்கூடம் விட்டபின் அவர் முழுதாக வாசித்த முதற் புத்தகம் அதுதான்.

இனி உங்கள் பக்கம்.

எனக்குத் தெரிந்த வாசிகசாலையில் சாய்மேசையில் 'ஈழநாடு' விரிந்திருக்கும். ஒருவர் உரத்து வாசிக்க, வாங்கில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இதெல்லாம் நான் றோட்டில் போகும்போது பார்த்தது. பெட்டைப் பிள்ளைகள் உள்ளே போய் இருக்கிற வழக்கமில்லை. அண்ணை எடுத்துவந்ததை நான் வாசித்தேன். எனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணை பிறகு பஸ் ஏறி யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் போகத் தொடங்கினார். 1981 ஜூன் முதலாம் திகதி இருட்டோடு தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்களோடு அது எரிந்தபோது, எங்கள் வீட்டில் அங்கே இரவல் எடுத்த கார்க்கியின் 'தாய்' இருந்தது. தவணைக்கு இன்னும் நாலு நாள். நூலகத்துக்குச் சொந்தமானது என்று அண்ணை அதைத் தாள் சுற்றி அலுமாரியில் வைத்தார். 1995 இடப்பெயர்வில் வீட்டோடு அதுவும் போய்விட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வந்தது. எங்கள் வாசிகசாலை அலுமாரியில் அது இருக்கவில்லை. சாதியால் ஒதுக்கப்பட்டவர்களின் கதை அது. அவர்களை அந்த வாங்கிலும் நான் கண்டதில்லை. என் ஐம்பதாவது வயதில், ரொறன்ரோ நூலகத்துத் தமிழ்ப் பகுதியில் எடுத்து அதை வாசித்தேன். என் வீட்டார் கிணற்றடியில் யாருக்கு எப்படித் தண்ணீர் வார்த்தார்கள் என்பது நினைவுக்கு வந்து, வெட்கத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். பிறகு திறந்து முடித்தேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வாசிகசாலை வாசலில் நூல் கட்டி ஒரு கொப்பியும் பேனையும் தொங்கவிடுங்கள். என்ன வாசிக்கிறேன், ஏன் வாசிக்கிறேன். இவ்வளவும் எழுதினால் போதும், பெயர் வேண்டாம். ஓ.எல். வினாத்தாள் மட்டும் புரட்டுகிற பிள்ளை அதையே எழுதட்டும். போனில் 'நூலகம்' எண்ணிம நூலகத்தைத் திறந்து பழைய 'மல்லிகை' இதழ் பார்க்கிற பெடியன் அதை எழுதட்டும். ஒன்றும் வாசிக்காதவர் ஏன் இல்லை என்று எழுதினால், அதுவும் எங்களுக்கு வேண்டும். அந்த வாங்கில் நான் காணாத, றோட்டுக்கு அந்தப் பக்கத்துக் குடும்பங்களிடம் கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தையல் வகுப்புக்கு வருகிற பெண்பிள்ளைகளிடமும் கொடுங்கள்.

நீங்கள் கேட்கிற புத்தகங்களை யாழ்ப்பாணத்துக் கடைகளிலேயே வாங்கித் தர ஏற்பாடு செய்திருக்கிறோம். கப்பற் கூலிக்கு வைத்த காசு அதற்குப் போகும். அங்கே கிடைக்காதவற்றை மட்டும் இங்கிருந்து அனுப்புவோம். தைப்பொங்கல் வரைக்கும் கொப்பி தொங்கட்டும். பிறகு பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எழுத்துப்பிழைக்காக எதையும் திருத்தி எழுத வேண்டாம், எழுதினபடியே வரட்டும்.

எங்கள் பக்கத்துக் கொப்பியை நான் தொடங்கிவிட்டேன். முதல் வரியில் மகளுடையது இருக்கிறது, அவள் கையாலேயே, தமிழில்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி
ஸ்காபரோ, கனடா