'கிளான்' எண்டது கடன் வாங்கின சொல்லு

'கிளான்' எண்டவுடன மலையும் வாளும் தூய இரத்தமும் கண்ணுக்கு முன்னால வரும். கட்டம் போட்ட ஸ்கொட்லாந்துத் துணி, குடும்பச் சின்னம், பரம்பரைச் சான்றிதழ் எல்லாம் இப்ப காசுக்கு வாங்கலாம். எங்கட ஆக்கள் சிலருக்கு இன்னொரு ஆசையும் வரும்: "அட, இது எங்கட குலம் தானே!" ஒலி கிட்டத்தட்டப் பொருந்துது, பொருளும் பொருந்துது. பிறகென்ன?

பிறகுதான் கதையே இருக்கு. ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழியிலிருந்து 15ஆம் நூற்றாண்டளவில் வந்தது. அதற்கு முன்னால் பழைய ஐரிஷில் அது 'கிளாந்த்'. பிள்ளைகள், சந்ததி என்று பொருள். ஆனால் ஐரிஷ்காரருக்கும் அது சொந்தச் சொல் இல்லை. கிறிஸ்தவத்தோட வந்த இலத்தீனில் 'பிளாந்தா' என்று ஒன்று இருந்தது. நாற்று, முளை, நடுவதற்கு வெட்டின தடி. அதைத்தான் எடுத்துப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். வாழையடி வாழை எண்டு சொல்லுற எங்களுக்கு இது விளங்காத விசயமில்லை.

'ப' எப்படிக் 'க' ஆனது? மிகப் பழைய ஐரிஷில் 'ப' என்ற ஒலியே இல்லை. கல்லில் கோடு கோடாகக் கீறி எழுதின ஓகம் எழுத்துகள் தொடக்கத்தில் 20. அதில் 'ப' கிடையாது. ஆகவே அந்நிய 'ப' வந்தால் தங்களிடம் இருந்த 'க'வின் பக்கத்து ஒலியைப் போட்டுச் சமாளித்தார்கள். எங்கட கத்தோலிக்கர் சொல்லுற பாஸ்கா அங்கே 'காஷ்க்'. இறகுக்கான 'பிளூமா' இப்ப 'கிளூவ்'. கடலுக்கு அந்தப் பக்கம் வேல்ஸ்காரரும் அதே இலத்தீன் சொல்லை வாங்கினார்கள். அவர்களிடம் 'ப' இருந்தது. இண்டைக்கும் பிள்ளைகளுக்கு அங்கே 'பிளாந்த்' தான். குலத்தை இதுக்குள்ள இழுக்கிறவர் முதலில் இந்த 'ப'வுக்குப் பதில் சொல்லவேணும்.

இரத்த உறவுக்கு ஐரிஷில் சொந்தச் சொல் இல்லாமலும் இல்லை. 'ஃபினெ' என்பார்கள். ஒரே பூட்டனின் வழிவந்த ஆண்கள் சேர்ந்தால் 'டெர்வ்ஃபினெ'. காணி உரிமை, நட்டஈடு எல்லாம் பழைய சட்டங்களில் இந்த உறவைச் சுற்றித்தான் நிற்கும். அந்தச் சொல்லை உலகம் மறந்துபோச்சு. நாற்று எண்ட கடன் சொல்லைத் தூக்கித்தான் இரத்தப் பெருமை பேசுது. ஸ்கொட்லாந்துக் கிளான்களிலேயே தலைவனின் நிலத்தில் குடியிருந்ததால் மட்டும் அவன் பெயரைப் போட்டுக்கொண்டவர்கள் கனபேர். இதெல்லாம் சான்றிதழ் விக்கிறவன் சொல்லமாட்டான்.

சொல் பிறந்த இடத்தில் அந்த மிதப்பு இன்னும் ஏறவில்லை. அயர்லாந்தின் மேற்குக் கரையில், கொன்னமாராவில், ஐரிஷ் பேசுற ஒருவரிடம் "உங்களுக்குக் கிளான் இருக்கா?" எண்டு அவருடைய மொழியில் கேட்டால், வாளைப் பற்றியும் சின்னத்தைப் பற்றியும் கதைக்கமாட்டார். ரெண்டு பொடியன், ஒரு பெட்டை எண்டு கணக்குச் சொல்லுவார்.