தொட்டில் குழந்தை அழுதால் காப்பியடித்ததாகுமா?

பரீட்சை நடத்த இனி உபாத்தியாயர் வேண்டாம், கேள்வித்தாள் அச்சடிக்க வேண்டாம், திருத்துவதற்குச் சிவப்பு மை வேண்டாம் என்று ஒரு கூட்டம் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வருகிறது. கம்ப்யூட்டரே கேள்வியைப் பொறுக்கும். கம்ப்யூட்டரே நாளும் நேரமும் குறிக்கும். பையன் கடைசிப் பொத்தானை அமுக்கிவிட்டு நிமிர்வதற்குள் கம்ப்யூட்டரே மார்க்கும் போட்டுவிடும். செலவு மிச்சம், நேரம் மிச்சம், பாரபட்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை! இப்படிப் போகிறது விளம்பரம்.

மிச்சம் யாருக்கு? அதைத்தான் நாம் கேட்கிறோம்.

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் உழைக்கும் தோழர்களுக்கு இந்தப் பாட்டு புதிதல்ல. களத்தில் புழுங்கல் நெல்லைக் காலால் கிளறிக் காயவைத்த பெண்களுக்குப் பதிலாக டிரையர் வந்தபோதும் இதே 'மிச்சம்' என்ற வார்த்தையைத்தான் கேட்டோம். மிச்சம் முதலாளியின் பெட்டிக்குப் போயிற்று. களத்துப் பெண்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். யந்திரத்தின் மீது நமக்குப் பகை கிடையாது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பின் சங்கொலியைக் கேட்டு எழுந்த ஊர் இது. யந்திரத்தைப் பார்த்து மிரளுகிற ஜனங்கள் அல்ல நாம். ஆனால் யந்திரத்தின் விசை யார் கையில் இருக்கிறது என்று பார்க்காமல் கைதட்டுகிற பழக்கமும் நமக்குக் கிடையாது.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டு மேலே போவோம்.

கொரோனா காலத்தில் கல்லூரிகள் மூடிக்கிடந்தபோது, மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை. அடுப்பும் அங்கேதான், பாயும் அங்கேதான். தலைப்பிரசவத்துக்கு வந்த மூத்த மகளின் குழந்தைக்கு உத்திரத்தில் பழைய சேலையைக் கட்டித் தொட்டில் போட்டிருந்தார்கள். இளைய மகன் ஒரு கல்லூரியில் டிகிரி படித்துவந்தான். எந்தக் கல்லூரி என்று எழுத வேண்டாம் என்று தகப்பனார் கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. அன்றைக்கு அவனுக்கு ஆன்லைன் பரீட்சை. குழுக் கடனில் வாங்கிய போனைச் சோற்றுக் குண்டானில் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

யந்திரம் போட்ட நிபந்தனைகளைக் கேளுங்கள். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. சத்தம் வரக் கூடாது. முகம் நேரே இருக்க வேண்டும். தாயாரும் மூத்த மகளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் போய் நின்றார்கள். குழந்தை வெயில் பொறுக்குமா? வீறிட்டு அழுதது. பையன் திரும்பிப் பார்த்தான். திரையில் எச்சரிக்கை வந்தது. மறுபடி அழுதது, மறுபடி எச்சரிக்கை. இடையில் கரண்ட் போய்ச் சிக்னலும் போயிற்று. சில வாரம் கழித்து அவனுடைய ரிசல்ட் 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று வந்தது. ஏன் என்று கேட்க மூன்று முறை பஸ் ஏறினான். சிஸ்டம் அப்படிக் காட்டுகிறது என்ற ஒரே பதில்தான் கிடைத்தது.

"மேஸ்திரி வைதான்னா ஏன்னு சட்டையப் புடிச்சிக் கேக்கலாம் தோழர். இந்த சிஸ்டத்துக்குச் சட்டை எங்க இருக்கு?" என்றார் தகப்பனார். நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று இதை ஒதுக்க வேண்டாம். ஊரறிந்த கதை ஒன்றும் இருக்கிறது. 2020 நவம்பர், டிசம்பரில் நடந்திருக்க வேண்டிய செமஸ்டர் பரீட்சையை அண்ணா பல்கலைக்கழகம் 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆன்லைனில் நடத்தியது. காவலுக்கு ஆள் இல்லை; செயற்கை நுண்ணறிவு என்ற பெயரில் காமிராவும் மைக்கும்தான் காவல். ஏப்ரலில் ரிசல்ட் வந்தபோது தமிழ்நாடே திகைத்தது. ஏராளமான மாணவர்கள் தோல்வி! முறைகேடு என்ற சந்தேகத்தின் பேரில் ஆயிரக்கணக்கானவர்களின் ரிசல்ட் நிறுத்திவைப்பு! தலையை ஆட்டினோம், பக்கத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது, நெட் அறுந்தது, இதற்கெல்லாமா தண்டனை என்று மாணவர்கள் கொதித்தார்கள். கடைசியில் 2021 மே மாதம், புதிதாகப் பொறுப்பேற்றிருந்த உயர்கல்வி அமைச்சர் பொன்முடி மறு பரீட்சை அறிவிக்க வேண்டியதாயிற்று. தோற்றவர்கள் மறுபடி கட்டணம் கட்ட வேண்டியதில்லை என்றும் சொல்ல வேண்டியதாயிற்று.

லாரியில் வந்த மூட்டைகளில் பாதி எடை குறைகிறது என்றால் காந்தி மார்க்கெட்டில் முதலில் எதைப் பார்ப்பார்கள்? தராசைப் பார்ப்பார்கள். இங்கே மட்டும் முதலில் மூட்டையைத் திருடன் என்றார்கள். கூச்சல் கிளம்பிய பிறகுதான் தராசைப் பார்த்தார்கள்.

அந்த யந்திரம் எதைத்தான் பார்க்கிறது? பையனுக்குப் பாடம் தெரியுமா என்று அது பார்ப்பதில்லை. முகம் அசைகிறதா, சத்தம் கேட்கிறதா, வெளிச்சம் போதுமா என்று பார்க்கிறது. தில்லைநகர் மாடி வீட்டில் தனி அறை உண்டு, ஏ.சி. உண்டு, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் உண்டு. அங்கே உட்காரும் பிள்ளை யந்திரத்தின் கண்ணுக்கு யோக்கியன். திருவளர்ச்சோலையில் வாழைத்தார் சுமக்கும் கூலியின் பிள்ளையோ வீட்டுக்குள் ஆள் நடமாட்டம் உள்ள ஒரே குற்றத்துக்காகச் சந்தேகத்துக்கு உரியவன். பாரபட்சம் இல்லாத யந்திரம் என்கிறார்களே, அந்த யோக்கியதை இதுதான்! வறுமையையே முறைகேடு என்று எழுதிக்கொள்கிறது.

நம் நாட்டில் மட்டும்தான் இப்படியா? இல்லை. அமெரிக்காவில் இதே ரகக் காவல் மென்பொருள்கள் கறுப்பின மாணவர்களின் முகத்தைச் சரியாக அடையாளம் காணவில்லை என்று புகார்கள் குவிந்தன. முகத்துக்கு நேரே விளக்கைப் பிடித்துக்கொண்டு பரீட்சை எழுதியவர்கள் உண்டு. ஓஹையோ மாநிலத்தில், பரீட்சைக்கு முன் காமிராவைச் சுழற்றிப் படுக்கையறையைக் காட்டச் சொன்னதை எதிர்த்து ஒரு மாணவர் வழக்குப் போட்டார். கிளீவ்லாண்ட் அரசுப் பல்கலைக்கழகம் செய்தது அரசியல் சட்டத்துக்கு விரோதமான சோதனை என்று 2022 ஆகஸ்டில் பெடரல் கோர்ட் தீர்ப்பளித்தது.

இங்கிலாந்தின் கதை இன்னும் விசேஷமானது. 2020-இல் அங்கே பரீட்சையே நடக்கவில்லை. உபாத்தியாயர்கள் கொடுத்த மதிப்பீட்டை ஒரு கணக்குச் சூத்திரத்தில் போட்டு அரைத்தார்கள். ஆகஸ்ட் 13-ஆம் தேதி ஏ-லெவல் ரிசல்ட் வந்தது. ஏறக்குறைய 40 சதவிகித மதிப்பீடுகள் வெட்டப்பட்டிருந்தன. அந்தப் பள்ளிக்கூடத்தில் முன்பு படித்தவர்கள் எப்படித் தேறினார்கள் என்று பார்த்து இந்தப் பிள்ளைக்கு மார்க்! ஐந்து பேருக்கு மேற்படாத சிறு வகுப்பானால் மட்டும் உபாத்தியாயர் சொன்னதே செல்லும். ஐந்து பேருக்கு ஒரு வகுப்பு நடத்தும் வசதி எந்தப் பள்ளிக்கூடத்துக்கு உண்டு? காசுள்ள பள்ளிக்கூடத்துக்கே. பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். நான்கே நாளில், 17-ஆம் தேதி, சர்க்கார் சூத்திரத்தை வாபஸ் வாங்கியது.

காகிதப் பரீட்சை மட்டும் பத்திரமா என்று எதிர்த்தரப்பார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், மழுப்ப மாட்டோம். அதே அண்ணா பல்கலைக்கழகத்தில் மறுமதிப்பீட்டில் காசு வாங்கிக்கொண்டு மார்க் போட்டார்கள் என்று லஞ்ச ஒழிப்புத் துறை 2018-இல் வழக்குப் பதிவு செய்தது. 2024 ஜூன் 18-இல் காகிதத்தில் நடந்த யு.ஜி.சி. நெட் பரீட்சையை, 9 லட்சம் பேர் எழுதி முடித்த மறுநாளே ரத்து செய்தார்கள். பிறகு கம்ப்யூட்டரில் நடத்தினார்கள். ஆகவே கம்ப்யூட்டரே கதி என்கிறார்கள். அப்படியானால் 2021 ஜே.இ.இ. மெயின் என்னாயிற்று? அது கம்ப்யூட்டரில் நடந்த பரீட்சைதானே? காசு வாங்கிக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்தபடியே மாணவனின் கம்ப்யூட்டரைப் பிடித்து விடை எழுதிக்கொடுத்தார்கள் என்பது சி.பி.ஐ.யின் குற்றச்சாட்டு. பரீட்சை மென்பொருளை உடைக்க உதவியதாக ரஷ்ய நாட்டவர் ஒருவரை 2022 அக்டோபரில் டில்லியில் பிடித்தார்கள். முன்பு திருடன் பூட்டை உடைத்து அலமாரிக்குள் கைவிட்டான். இப்போது கம்பி வழியாகக் கைவிடுகிறான்.

இனி நம் பிள்ளைகள் படிக்கும் ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 2022 ஜூனில் தமிழ்நாட்டில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் பிழையறக் கற்க வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தில் பழுதில்லை. கொரோனாவில் இரண்டு வருஷம் கெட்டுப்போன பிள்ளைகளுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டியிருந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று படிகளுக்கு வைத்த பெயர்களும் அழகுதான். (பெயர் வைப்பதில் நம் ஆளவந்தார்கள் என்றைக்குத் தோற்றார்கள்?) ஆனால் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று மதிப்பிடுவதற்குப் போனில் செயலி வந்தது. கேள்வி மேலிருந்து வரும். உபாத்தியாயர் தம்முடைய போனை ஒவ்வொரு பிள்ளையிடமும் கொண்டுபோய்ப் பதில் வாங்கிப் பதிவேற்ற வேண்டும்.

கிராமத்துப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஐந்து வகுப்புக்கு இரண்டு உபாத்தியாயர். ஒருவர் போனும் கையுமாக ஒரு பிள்ளையிடம் உட்கார்ந்தால் மற்றப் பிள்ளைகளுக்கு யார் பாடம் சொல்வது? சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தால் அன்றைய பொழுதும் அதோடு போயிற்று. 2023-இல் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் போராட்டத்தில் இறங்கியபோது, எமிஸ் பதிவேற்ற வேலையிலிருந்து தங்களை விடுவிக்க வேண்டும் என்பது அவர்களுடைய முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. சம்பளத்துக்காக மட்டும் கேட்கவில்லை, தோழர்களே. பாடம் நடத்த விடுங்கள் என்று கேட்டார்கள்! உபாத்தியாயரின் வேலையை மிச்சப்படுத்த வந்ததாகச் சொன்ன யந்திரம் அவரையே குமாஸ்தாவாக்கியது. பதிவேறிய கணக்கு மாவட்டத்துக்கும் சென்னைக்கும் போய் வண்ண வண்ணப் படமாக நிற்கிறது. நம் பிள்ளைக்கு ஏன் கழித்தல் வரவில்லை என்று அந்தப் படம் சொல்லுமா? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த உபாத்தியாயர்தான் சொல்ல முடியும்.

கேள்வியின் தரத்தையும் பாருங்கள். யந்திரம் நொடியில் திருத்த வேண்டுமானால் விடை நாலு கட்டத்துக்குள் அடங்க வேண்டும். 2018 ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு நம் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் உடைந்து போயின. ஏன் உடைந்தன? 1836-இல் கட்டிய அணை, பழையதாகிவிட்டது என்றார்கள் ஒரு சாரார். மணல் கொள்ளையால் அடித்தளம் அரித்துப் போயிற்று என்றார்கள் விவசாயிகள். ஆற்றங்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு இதுபற்றி ஒரு பக்கம் எழுதத் தெரியும். எந்த வருஷம் மணல் லாரி ஓடிற்று, எந்த வருஷம் கரை சரிந்தது என்று தாத்தா சொன்னதையும் சேர்த்து எழுதுவான். அந்த ஒரு பக்கத்தை நாலு கட்ட யந்திரம் என்ன செய்யும்? அணை கட்டிய வருஷம் எது என்று கேட்டுவிட்டு ஒரு மார்க் போடும். ஏன் என்று கேட்கும் பழக்கமே இல்லாத பிள்ளைகளை வளர்ப்பது யாருக்கு வசதி என்பதை ஆலை வாசலில் நிற்கும் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வாதமும் உண்டு. 2024-இல் நம் மாவட்டத்துப் பச்சைமலையிலிருந்து கூலி வேலை செய்யும் பெற்றோரின் மகள், பழங்குடிப் பெண், கம்ப்யூட்டரில் நடக்கும் ஜே.இ.இ. பரீட்சையில் தேறித் துவாக்குடி என்.ஐ.டி.யில் சேர்ந்தார். அவரும் கூலி வேலைக்குப் போனவர்தான். பார்த்தீர்களா, திறமை இருந்தால் யந்திரம் தடுக்குமா என்கிறார்கள். அந்தப் பெண்ணை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அவரை ஏற்றிவிட்டது யந்திரமா? சர்க்கார் பள்ளிக்கூடமும் அங்கிருந்த உபாத்தியாயர்களும். கட்டணத்தை ஏற்றுக்கொண்ட தமிழ்நாடு அரசு. இத்தனையும் ஒருசேர அமைந்ததால் ஒருவர் ஏறினார். அந்த மலையிலிருந்து அப்படிப் போனது அதுவரை செய்தித்தாளில் போடும் அளவுக்கு அபூர்வமாக இருந்ததே, அதை மட்டும் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்?

நாம் கேட்பது கம்ப்யூட்டரைக் காவிரியில் தூக்கிப் போடச் சொல்லி அல்ல. வாரப் பரீட்சையைத் திருத்தி உபாத்தியாயரின் இரவுத் தூக்கத்தை மிச்சப்படுத்தினால் நல்லதுதான், செய்யட்டும். ஆனால் பிள்ளையைக் காப்பிக்காரன் என்று சொல்லும் அதிகாரமும், தோல்வி என்று முத்திரை குத்தும் அதிகாரமும் அதற்குக் கிடையாது. சந்தேகம் என்றால் பதிவை ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்கட்டும். பிள்ளைக்கும் தகப்பனுக்கும் அதைக் காட்டட்டும். ரிசல்ட்டை நிறுத்தினால் காரணத்தைத் தமிழில் எழுத்தில் கொடுக்கட்டும். நாள் கெடு வைத்துத் தீர்க்கட்டும். மென்பொருள் கம்பெனிக்குக் கொடுத்த கான்டிராக்ட் என்ன, எத்தனை ரூபாய், நம் பிள்ளைகளின் முகமும் குரலும் எங்கே சேமிப்பில் இருக்கின்றன என்பதைப் பகிரங்கமாகச் சொல்லட்டும். வீட்டுக்குள் காமிரா எதற்கு? 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வைத்திருப்பதாகச் சர்க்காரே சொல்லியிருக்கிறது. கம்ப்யூட்டர் பரீட்சை அவசியம்தான் என்றால் அந்த அறைகளைத் திறந்து, கரண்டுக்குப் பொறுப்பேற்று, ஒரு உபாத்தியாயரை நிறுத்தி, அங்கே நடத்தட்டும்.

மூட்டை தூக்கும் தோழரின் மகன் அடுத்த பரீட்சையை நம் சங்க ஆபீஸ் அறையில் உட்கார்ந்து எழுதினான். கூட்டத்தை மறுநாளைக்குத் தள்ளிவைத்தோம். வாசலில் அவனுடைய தகப்பனார் காவலுக்கு நின்றார். தெருவில் ஹாரன் அடித்த மினி பஸ் டிரைவரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். முதலில் நின்றுபோன ரிசல்ட்டுக்கு மட்டும் இதை எழுதும் வரை யாரும் காரணம் சொல்லவில்லை.