அடிமைக்கும் அதே முத்தம்

பவுல் தன் கடிதங்களில் நான்கை முடிக்கும்போது, பரிசுத்த முத்தத்தால் ஒருவரையொருவர் வாழ்த்தச் சொல்கிறார். பேதுருவின் முதல் கடிதமும் அன்பின் முத்தத்தைச் சொல்லியே முடிகிறது. கடிதம் முடிக்கும் சம்பிரதாயம் என்று நாம் தாண்டிப்போகும் வரிகள் இவை. ஆனால் இவற்றுக்குள் ஓர் அரசியல் இருக்கிறது.

உரோமைச் சமூகத்தில் முத்தம் பெரும்பாலும் உறவினருக்கும் நெருங்கிய நண்பருக்கும் உரியது. யாரை முத்தமிடுகிறோம் என்பதே யார் நம்மவர் என்று காட்டிவிடும். ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 16ஆம் அதிகாரத்தில் பவுல் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அவற்றுள் அம்பிலியா, உர்பான், பெர்சியாள் ஆகியவை அடிமைகளிடமும் விடுதலை பெற்ற அடிமைகளிடமும் அதிகம் வழங்கிய பெயர்கள். அந்தப் பட்டியல் முடியும் இடத்தில்தான் முத்தம் வருகிறது. குடும்பத்துக்குள் இருந்த உரிமை, குடும்பமே இல்லாதவர்களாக நடத்தப்பட்டவர்களுக்கும் போகிறது.

2ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய யுஸ்தின் வழிபாட்டின் வரிசையைப் பதிவு செய்கிறார்: செபம் முடிந்ததும் முத்தம், அதன் பிறகே அப்பமும் கிண்ணமும். தொடுவதும் சேர்ந்து உண்பதும் அடுத்தடுத்து வருகின்றன. சாதி தடுத்து வைத்திருப்பதும் இந்த இரண்டையும்தானே! 203இல் கார்த்தேஜ் அரங்கில் மேட்டுக்குடிப் பெண் பெர்பெத்துவாவும் அடிமைப் பெண் ஃபெலிசித்தாவும் தோழர்களோடு சமாதான முத்தம் பகிர்ந்துகொண்டே இறந்தார்கள்.

இதை வைத்துப் பொற்காலம் பாட வேண்டியதில்லை. முத்தம் அடிமைமுறையை ஒழிக்கவில்லை. ஒநேசிமுவைச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளச் சொன்ன பவுல், அவரை எசமான் பிலேமோனிடமே திருப்பி அனுப்பினார். இடைக்கால ஐரோப்பாவில் ஆளுக்கு ஆள் முத்தம் போய், ஒரு பலகையை வரிசையாக முத்தமிடும் வழக்கம் வந்தது. அதை யார் முதலில் முத்தமிடுவது என்று அந்தஸ்துச் சண்டையும் வந்தது.

அதே பவுலைத்தான் தமிழ்நாட்டுத் திருச்சபைகளும் வாசித்தன. வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்த தடுப்பு 1910இல்தான் அகற்றப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கல்லறை வைத்திருக்கும் ஊர்கள் இன்றும் உண்டு. அங்கேயும் பூசையில் கைகூப்பிச் சமாதானம் சொல்கிறார்கள்.

கைகூப்புவதில் தவறில்லை. ஆனால் உறவினருக்கு உரியதை மற்றவருக்கும் கொடுத்ததுதான் அந்த முத்தத்தின் பொருள். நம்மிடையே சாதி உறவினருக்கென்று பூட்டி வைத்திருப்பது மணமேடையையும் கல்லறையையும். சகோதரர் என்று அழைக்கும் சபை, தோழர் என்று அழைக்கும் இயக்கம், இரண்டிடமும் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்: அந்தப் பூட்டுகளில் எதை இதுவரை திறந்தீர்கள்?