எடைக்கல் யார் கையில்?

கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. அது கூலிக்காரன் குடும்பத்தை அரிக்கும் விஷம். கேள்வி வேறு. பிடிபட்டவன் எத்தனை ஆண்டு சிறையில் கிடப்பது என்பதைத் தீர்மானிப்பவர் யார்?

1985-ல் பாராளுமன்றம் போதைப்பொருள் சட்டம் இயற்றியது. 2001-ல் திருத்தி, அளவுக்கேற்ற தண்டனை என்றது. இன்று சிறிய அளவுக்கு ஓராண்டு வரை. வணிக அளவுக்குப் பத்து முதல் இருபதாண்டு. இடைப்பட்டதற்குப் பத்தாண்டு வரை. எது சிறிது, எது வணிகம்? அதை மத்திய சர்க்கார் கெஜட்டில் அறிவிக்கட்டும் என்று விட்டுவிட்டது. 2001 அக்டோபர் 19-ல் நிதியமைச்சகம் அறிவித்தது: ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறிது, 20 கிலோவுக்கு மேற்பட்டால் வணிகம்.

அறிவிக்கையைச் சபையில் வைக்கிறோமே என்பார்கள். மேஜைமேல் வைப்பது விவாதம் ஆகுமா? வாக்கெடுப்பு ஆகுமா?

மேலே டில்லி, கீழே போலீஸ் ஸ்டேஷன். பூவோடு சேர்ந்த இலை கஞ்சா. தனி இலை கஞ்சா அல்ல. இது சட்டத்தின் வாசகம். 2022-ல் கர்நாடக உயர்நீதிமன்றமும் ஒரு ஜாமீன் வழக்கில், பாங்கு இச்சட்டத்தில் வராது என்றது. ஆனால் தராசில் எதைச் சேர்ப்பது என்று முதலில் முடிவு செய்பவர் ஸ்டேஷன்காரர்தான். கன்னடம் படிக்கத் தெரியாத நம் கட்டடத் தொழிலாளி கன்னட மகஜரில் கைநாட்டு வைத்தால், அந்த எடைதான் அவன் தலையெழுத்து.

நாம் கேட்பது இரண்டே. அளவுகளைச் சட்டத்திலேயே எழுதி, எம்.பி.க்கள் வாக்களிக்கட்டும். மகஜரை அவனவன் மொழியில் படித்துக்காட்டிய பிறகே கையெழுத்து வாங்கட்டும். தண்டனையைச் சபை எழுதி, எடைக்கல்லை அதிகாரியிடம் கொடுத்தால், அது பாதி ஜனநாயகம்!