மடையில் கம்பி தெரியுது! பில் மட்டும் பாஸ் ஆகுது!



ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கண்மாய்களில் பாட்டன் காலத்துக் கல்மடைகள் இன்னும் நிற்கின்றன. நேற்றுப் போட்ட கான்கிரீட் மடையோ வெடித்து, துருப்பிடித்த கம்பி விலா எலும்பு மாதிரி தெரிகிறது. மடை ஒழுகினால் நெல் பால் பிடிக்கும்போது கண்மாயில் தண்ணி இருக்காது. கேட்டால், "தண்ணி உப்புங்க" என்கிறார்கள். மழைத்தண்ணி எப்பய்யா உப்பாச்சு?

கல்மடையில் துருப்பிடிக்க இரும்பு கிடையாது. கான்கிரீட்டின் ஆயுளோ, கம்பியும் கலவையும் ஒட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது. மயிரிழை கனம்தான். சிமெண்டின் காரம் அங்கே கம்பியைக் கவ்வியிருக்கும் வரை துரு அண்டாது. கலவையில் தண்ணியை அள்ளி ஊற்றினால் ஜல்லி கீழே இறங்கும், தண்ணி மேலேறும். ஏறுகிற தண்ணி படுக்கைக் கம்பிக்கு அடியில் தேங்கும். காய்ந்தபின் அந்த இடம் வெறும் பொத்தல். மேல்பூச்சு வழவழவென்று இருக்க, உள்ளே துரு கிளம்பும். துருவுக்கு இரும்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். நெருக்கி நெருக்கிக் கான்கிரீட்டையே வெடிக்க வைக்கும். தென்னையில் கூன்வண்டு குடைகிற கதைதான். வெளியே தெரியும்போது குருத்து போயிருக்கும்.

அதிகாரிகளுக்கு இது தெரியாதா? 2000-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 விதி தெளிவாகச் சொன்னது: நனைந்தும் காய்ந்தும் கிடக்கிற கான்கிரீட்டுக்கு 50 கிலோ மூட்டைக்குத் தண்ணி 22.5 லிட்டரைத் தாண்டக் கூடாது, மணலின் ஈரமும் அதில் சேர்த்தி. கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் கான்கிரீட் நிற்கணும். நம்ம வெயிலுக்குப் பத்து நாளாவது நனைக்கணும். நடப்பது என்ன? குடம் குடமாய்த் தண்ணி. கவர் பிளாக் கிடையாது. கம்பியில் சேறு. மறுநாளே ஈரச்சாக்கைக் காணோம். "கலவை ஓடணும்ல" என்கிறார் காண்ட்ராக்டர். அதுக்குத்தானே வைப்ரேட்டர்! சிமெண்ட் கம்பெனி தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜாவின் ஊரில் சிமெண்ட் கலக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கான்கிரீட் போடும் நாளை ஆயக்கட்டு விவசாயிகளுக்கு முன்கூட்டியே அறிவி! கட்டிய கம்பியை நாங்கள் அளந்து பார்க்காமல் கலவை கொட்டாதே!

இது பிச்சையல்ல. அரசு வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரி கேட்டு வாங்கவும் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டமே வழி தருகிறது. பத்து ரூபாய்க்கு கோர்ட் வில்லை ஒட்டி மனுப் போடுங்கள். எழுத வராதவர்கள் சங்கத்துக்கு வாங்க, எழுதித் தருகிறோம். கம்பி கட்டுற அன்னைக்கு அளவு டேப்பைக் கையோடு கொண்டு வாங்க.