கீறலுக்கு 'கிளைம்' போட்டால் போனசுக்கு வேட்டு!

சென்னையில் ஓடுகிற காரில் கீறல் விழாத கார் உண்டா? ஸ்பென்சர் சிக்னலில் பின்னால் வந்த ஆட்டோ லேசாக உரசுகிறது. பாரிமுனைச் சந்தில் காரைத் திருப்பும்போது மீன்பாடி வண்டியின் கம்பி கதவில் கோடு போட்டு விடுகிறது. வீட்டுக் கேட்டில் தானே இடித்துக் கொள்வதும் உண்டு. அதை யாரும் வெளியில் சொல்லுவதில்லை!

இறங்கிப் பார்த்தால் நாலு பேர் கூடி விடுகிறார்கள். "இன்சூரன்சு இருக்குல்ல சார்? போட்டு வாங்கிக்குங்க" என்று ஒருவர் யோசனை சொல்கிறார். சொல்லுகிறவருக்கு என்ன? போவது அவர் பணமா?

சின்னக் கீறலுக்கும் நசுங்கலுக்கும் இன்சூரன்சு கம்பெனியிடம் பணம் கேட்பது பெரும்பாலும் நஷ்ட வியாபாரம். பலருக்கு இது மறு வருஷம் பிரீமியம் கட்டும்போதுதான் உறைக்கிறது. "போன வருஷம் இவ்வளவு இல்லையே?" என்று கவுண்டரில் சண்டை போடுகிறார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா என்ன செய்வார்? விதி அப்படி. அந்த விதி நியாயமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஏணியும் பாம்பும்

கார் பாலிசியில் 2 பகுதி. ஒன்று, அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு. இது சட்டப்படி கட்டாயம். கட்டணத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. 2022-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி அமுலுக்கு வந்த பட்டியல்படி, 1,000 சி.சி.க்கு மேற்படாத சொந்தக் காருக்கு ரூ.2,094. அதற்கு மேல் 1,500 சி.சி. வரை ரூ.3,416. பத்து வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினாலும் இந்தப் பகுதியில் காலணா தள்ளுபடி கிடையாது.

இன்னொன்று, சொந்தக் காருக்கு வரும் சேதத்துக்கு. போனசு இதில்தான். ஒரு வருஷம் பணம் கேட்காமல் இருந்தால் 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்து 2 வருஷம் என்றால் 25. பிறகு 35, அப்புறம் 45. முழுசாக 5 வருஷம் தாண்டினால் 50 சதவீதம். பாதிக்குப் பாதி!

நடுவில் ஒரே ஒரு தடவை கிளைம் போட்டால்? பூஜ்யம். மறுபடி முதலில் இருந்து 20, 25 என்று ஏற வேண்டும்.

பரமபதம் ஆடியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஆனால் பரமபதத்தில் கூட சின்னப் பாம்பு, பெரிய பாம்பு என்று உண்டு. சின்னப் பாம்பு கடித்தால் நாலு கட்டம் இறங்கினால் போதும். இன்சூரன்சில் எல்லாமே பெரிய பாம்பு! 2 லட்ச ரூபாய் வாங்கியவருக்கும் அதே இறக்கம். 2 ஆயிரம் வாங்கியவருக்கும் அதே இறக்கம்.

பென்சிலை எடுங்கள்

ஜவுளிக் கடைக்காரர் ஒருவர். 5 வருஷமாக ஒரு கிளைமும் போடாதவர் என்று வைத்துக் கொள்ளலாம். சொந்த சேதப் பகுதிக்கு அவருடைய பிரீமியம் தள்ளுபடி இல்லாமல் ரூ.10 ஆயிரம். பாதி தள்ளுபடி போக ரூ.5 ஆயிரம் கட்டி வருகிறார்.

முன் பம்பர் உடைந்து விட்டது. ஒர்க்‌ஷாப் பில் ரூ.12 ஆயிரம். பம்பருக்கு 6, பெயிண்டுக்கு 4, கூலி 2. கம்பெனி 12 ஆயிரத்தையும் கொடுத்து விடுமா? அதுதான் இல்லை. பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குத் தேய்மானம் என்று பாதியைப் பிடித்துக் கொள்வார்கள். பம்பர் பிளாஸ்டிக்தானே? போச்சு 3 ஆயிரம். பெயிண்டு பில்லில் கால் பங்கைப் பெயிண்டின் விலையாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். அது 500. இது போக, 1,500 சி.சி. வரை உள்ள காருக்கு ஒவ்வொரு கிளைமிலும் முதல் ஆயிரம் ரூபாய் சொந்தக்காரர் தலையில். ஆக, கைக்கு வருவது ரூ.7 ஆயிரத்து 500.

இனி போவதைப் பார்க்கலாம். மறு வருஷம் தள்ளுபடி இல்லை. 5 ஆயிரம் கட்டியவர் 10 ஆயிரம் கட்டுகிறார். அங்கேயே 5 ஆயிரம் நஷ்டம். அடுத்த வருஷம் 20 சதவீதம் போக 8 ஆயிரம். நஷ்டம் 3 ஆயிரம். பிறகு இரண்டரை ஆயிரம், ஒன்றரை ஆயிரம், ஐந்நூறு. பழைய இடத்துக்கு ஏறி வருவதற்குள் மொத்தம் ரூ.12 ஆயிரத்து 500 போய் விடுகிறது. இதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. அதையும் சேர்த்தால் ரூ.14 ஆயிரத்து 750.

ஏழரை ஆயிரம் வாங்கிக்கொண்டு பதினாலே முக்கால் ஆயிரம் கொடுப்பதா? வட்டிக் கடைக்காரர் கூட இப்படிக் கேட்கமாட்டார்!

கார் பழசாக ஆகப் பிரீமியமும் கொஞ்சம் குறையும். அதனால் தொகை காருக்குக் கார் மாறும். கணக்குப் போடும் வழி மாறாது. பழைய காரை விற்றுப் புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். போனசு காருக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். காரை விற்றால், கம்பெனியில் சர்ட்டிபிகேட் வாங்கி வைத்துக்கொண்டு 3 வருஷத்துக்குள் புதுக் காருக்கு மாற்றிக் கொள்ளலாம். புதுக் காருக்குச் சொந்த சேதப் பிரீமியம் ரூ.30 ஆயிரம் வந்தால், 50 சதவீதம் என்பது 15 ஆயிரம் ரூபாய். அதைப் போய் ஒரு கதவுக் கீறலுக்காகத் தொலைக்கலாமா?

மெக்கானிக் பேச்சைக் கேட்டு...

சில ஒர்க்‌ஷாப்களில் காரைப் பார்த்தவுடன் வரும் முதல் கேள்வி, "இன்சூரன்சா, கேஷா சார்?" இன்சூரன்சு என்று சொன்னால் பில் கொஞ்சம் கொழுக்கும். "பழைய கீறலையும் இதோட சேர்த்துப் போட்டுடலாம். உங்க கையிலிருந்து ஒண்ணும் தர வேண்டாம்" என்பார்கள். போன தீபாவளிக்கு விழுந்த கீறலை நேற்று விழுந்ததாக எழுதிக் கையெழுத்துப் போடுவது பொய்ச் சாட்சி. கையெழுத்து மெக்கானிக்குடையது அல்ல, கார்க்காரருடையது.

தேய்மானம் கழிக்காத பாலிசி இருக்கிறதே என்று கேட்கலாம். அதில் கூடுதல் பிரீமியம் கட்டினால் பம்பருக்கு முழுத் தொகையும் வரும். உண்மைதான். ஆனால் அந்தப் பாலிசியிலும் கிளைம் போட்டால் போனசு போய்விடும். போனசைக் காப்பாற்றுவதற்கு என்று தனியாக இன்னொரு கட்டணமும் வைத்திருக்கிறார்கள். பரிசு என்று கொடுத்ததைப் பிடுங்காமல் இருக்க மாமூல் மாதிரி!

இன்னொரு சங்கதி. "சும்மா விசாரிக்கலாம்" என்று கம்பெனிக்குப் போன் போட்டு விபத்தைச் சொல்லிக் கிளைம் நம்பர் வாங்கி விடுகிறவர்கள் உண்டு. பிறகு "வேண்டாம்" என்று விட்டு விடுகிறார்கள். விட்டால் போதாது. கிளைம் பாக்கி நின்றால் போனசும் நின்று விடும். பணம் வேண்டாம், கிளைமை முடித்து விடுங்கள் என்று எழுத்தில் கொடுத்து, முடித்ததற்குப் பதிலும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

மழைக்கும் தண்டனை

போனசு என்பது ஜாக்கிரதையாக ஓட்டுகிறவருக்குப் பரிசு என்று நினைப்பவர்கள் அநேகம். அப்படி இல்லை. ஒழுங்காக ஓட்டினாரா என்று யாரும் பார்ப்பதில்லை. பணம் கேட்டாரா, இல்லையா? அவ்வளவுதான்.

2015 டிசம்பர் வெள்ளத்தை மறக்க முடியுமா? 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கார்கள் தண்ணீரில் மிதந்தன. கார்க்காரர் வீட்டு மாடியில் மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருந்தார். அவர் செய்த குற்றம் என்ன? ஆனால் கிளைம் போட்டவருக்குப் போனசு போயிற்று. சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய் இடித்தவருக்கும் இவருக்கும் ஒரே தண்டனை! இடித்து விட்டு, பணம் இருந்ததால் கையிலிருந்து செலவழித்தவருக்கோ போனசு பத்திரம். பணம் உள்ளவர் போனசைக் காப்பாற்றிக் கொள்கிறார். மாதச் சம்பளத்தில் கடன் தவணை கட்டிக் கார் ஓட்டுகிறவர் இழக்கிறார். இது என்ன பரிசு?

பிரிட்டனில் 5 வருஷப் போனசு உள்ளவர் ஒரு கிளைம் போட்டால் பொதுவாக இரண்டு, மூன்று படி இறங்குவார், அடியோடு போவதில்லை. அங்கே வேறு விதத் தொல்லை. பணமே கேட்காமல் "இப்படி இடித்து விட்டது" என்று தகவல் சொன்னாலும் பிரீமியம் ஏறலாம். அந்தத் தொல்லையை இங்கே கொண்டு வர வேண்டாம். படிப்படியாக இறக்கும் முறையைக் கொண்டு வரலாமே? 10 ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட கிளைம் என்றால் ஒரு படி. வெள்ளம், புயல் என்றால் இறக்கமே வேண்டாம். 2007 ஜனவரி முதல் சொந்த சேதப் பிரீமியத்தைக் கம்பெனிகளே நிர்ணயித்துக் கொள்கின்றன. பிரீமியத்துக்கு வந்த சுதந்திரம் போனசுக்கு வரக்கூடாதா? குறைந்த பட்சம், கிளைம் பாரத்தின் தலைப்பிலேயே 'இதில் கையெழுத்துப் போட்டால் உங்களுக்கு அடுத்த வருஷம் இத்தனை ரூபாய் நஷ்டம்' என்று தமிழில் அச்சடிக்கட்டும்.

மூடி மறைக்கக் கூடாதது

கீறலை விழுங்கிக் கொள்வது ஒன்று. ஆள் மேல் இடித்ததை விழுங்குவது வேறு. ஸ்கூட்டர்காரர் கீழே விழுந்தார், எழுந்தார், "பரவாயில்லை" என்றார், 500 ரூபாய் கொடுத்தாயிற்று, முடிந்தது என்று போய் விடுகிறார்கள். மறு நாள் அவருக்குக் கால் வீங்கினால்? 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவின்படி, விபத்தில் ஒருவர் காயம்பட்டால் அவருக்கு வைத்திய உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். 24 மணி நேரத்துக்குள் போலீசில் தகவல் சொல்ல வேண்டும். இன்சூரன்சு கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். போனசு போய்விடுமே என்று இதை மறைப்பது வீண் பயம். போனசு சொந்த சேதப் பகுதிக்குத்தான். அடுத்தவர் நஷ்ட ஈட்டுக்குக் கட்டிய பிரீமியம் வேறு கணக்கு.

கம்பெனி மாறும்போது பழைய கிளைமை மறைப்பதும் நடக்கிறது. "கிளைம் இல்லை"ன்னு ஒரு 'டிக்' போட்டால் 50 சதவீதம் கிடைக்கிறதே என்று ஆசை. புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் விசாரிக்கும். பொய் என்று தெரிந்தால் சொந்த சேதப் பகுதியில் ஒரு பைசா கிடைக்காது. கார் அப்பளமாக நொறுங்கினாலும் சரி, அந்த உறுதிமொழியின் வாசகம் அதுதான்.

இத்தனை ஜாக்கிரதையாக இருந்து, பம்பருக்குக் கைக்காசைச் செலவழித்துப் போனசைக் காப்பாற்றியவர்கள் கடைசியில் பாலிசி முடியும் தேதியைக் கோட்டை விடுகிறார்கள். முடிந்த தேதியில் இருந்து 90 நாள் வரைதான் போனசு உயிரோடு இருக்கும். 91-வது நாள் போய் நின்றால் கவுண்டரில் 20 சதவீதம் கூடக் கிடையாது.